வள்ளிநாயகி இறங்க வேண்டிய படகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசி மாதம் ரோச்சோர் ஆற்றில் கடலோதம் ஏறியபோது, அது தண்ணீரோடு நிற்காமல் காற்றிலும் ஏறிவிட்டது. முதலில் எழும்பியது படகுத் தலைவரான தண்டல் ஒலி முகம்மதுவின் தொங்கான். ரங்கூன் அரிசி மூட்டைகளோடு கரையில் கட்டிக் கிடந்த அந்தச் சரக்குப் படகு, கயிற்றை அறுத்துக்கொண்டு கடைவீட்டு ஓடுகளுக்கு மேலே போய், சிராங்கூன் சாலைக்கு நேர் மேலே அசையாமல் நின்றது. ஒலி முகம்மது குனிந்து பார்த்தார். கீழே எருமைகள் தெரிந்தன. அவர் நாகூர்க்காரர், பல வருஷமாகக் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிறவர், எதற்கும் அசராத மனிதர். துடுப்பைக் காற்றில் போட்டு வலித்துப் பார்த்தார். படகு நகர்ந்தது. அந்தச் சாலையோரத்துத் தேக்கா வட்டாரத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த எருமைக்குளத்தில் அதை இறக்கிவிட்டு, அரிசிக்கடைக்கு நடந்துபோய், "சரக்கு வந்துருச்சு, தூக்க ஆள் அனுப்புங்க" என்றார். மாட்டுவண்டி வாடகை மிச்சம் என்பதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வருஷம் துறைமுகத்துத் தொங்கான்களில் பாதி வானத்தில் திரிந்தன. ஆற்றின் நெளிவுக்கெல்லாம் வளையாமல், கப்பலின் பக்கத்திலிருந்து கூரைகளுக்கு மேலே நேராக வந்துவிடலாம். வெற்றிலை வாடாமல் வந்தது. மீன் துள்ளிக்கொண்டே வந்தது. ஆனால் எல்லாப் படகும் அந்த ஒரே குளத்தில்தான் இறங்கியாக வேண்டும், எல்லோருக்கும் அவசரம். இறங்குகிறவன் தலையில் இன்னொருவன் வந்து உட்கார்ந்தான். ஏறுகிறவன் இறங்குகிறவனின் அடிப்பலகையை முட்டினான். மாசி மாதத்தில் இரண்டு தொங்கான்கள் பள்ளிவாசல் மினாராவுக்கு அருகில் மோதிக் கவிழ்ந்ததில், அப்துல் முத்தலிப் என்ற ஆட்டு வியாபாரி தன் ஆடுகளோடு சாலையில் விழுந்து மௌத்தானார். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். படகுகளைப் பார்ப்பவர்கள், அங்கே தண்ணீர் இல்லை, எங்கள் வேலை இல்லை என்றார்கள். சாலைகளைப் பார்ப்பவர்கள், அங்கே சாலை இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு துரைக்கு, இந்த ஊரில் மற்றவர்களைக் காக்கவைக்கத் தெரிந்தவர்கள் ரயில்காரர்கள் மட்டும்தான் என்று தோன்றியது. இப்படித்தான் காரைநகர் ஏரம்பமூர்த்தி, ரயில் நிலையத்துக் கைகாட்டி வேலையிலிருந்து தேக்கா வானத்துக்கு மாற்றப்பட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கே உரிய மடிப்புக் கலையாத கோட்டும், ஒரு பித்தளை வளையமும், பச்சை சிவப்புக் கொடிகளும் கொண்டு அவர் வந்து சேர்ந்தார். குளக்கரையில் மூங்கிலால் உயரமாக ஒரு கோபுரம் கட்டச் சொன்னார். மேலே ஏறி நின்று வானத்தை மட்டம் மட்டமாகப் பிரித்தார். வருகிற படகுகளுக்கு மினாரா மட்டம், போகிறவர்களுக்கு அதற்கும் மேலே பருந்து மட்டம், இறங்குகிறவர்களுக்கு மட்டும் கூரை ஓட்டு மட்டம். வந்தவர்கள் வந்த வரிசையில் இடமிருந்து வலமாகச் சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மீனுக்கும் நோயாளிக்கும் முன்னுரிமை. முக்கியமான விதி வளையம். ஒற்றை ரயில் பாதையில் எப்படி வளையம் கையில் இருக்கிற வண்டி மட்டும் உள்ளே போகலாமோ, அப்படியே இங்கும். வளையம் வாங்காமல் எந்தப் படகும் குளத்தை நோக்கி இறங்கக் கூடாது. இறங்கியவர் வளையத்தை நீண்ட கழியில் மாட்டி மேலே கொடுத்த பிறகுதான் அடுத்தவர். ஒரு வளையம், ஒரு படகு.

தண்டல்கள் முதலில் சிரித்தார்கள். "ஏன் மாஸ்டர், கல்யாணத்துக்கு மோதிரம் மாத்துற மாதிரி நின்னு மாத்தணுமா? எங்க வாப்பா காலத்துல இருந்து கடல்ல ஓடுறோம், இப்படி ஒரு வேடிக்கை பாத்ததில்லை லா" என்று ஒலி முகம்மது மேலிருந்து கத்துவார்.

"உங்கடை வாப்பா கடலிலை ஓடினவர் தண்டல். விழுந்தால் நீந்தலாம். இஞ்சை விழுந்தால் என்ன செய்வியள்?" என்று ஏரம்பமூர்த்தி கொடியை ஆட்டாமல் பதில் சொல்வார்.

ஒலி முகம்மது கையை நீட்டினார். அப்துல் முத்தலிப் அவருக்குச் சகலை. வளையத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று முதல் மோதல் இல்லை. ஒரு மூட்டை கூடக் கீழே விழவில்லை. அரிசி விலை இறங்கவும் இல்லை. ஆனால் ஏறாமல் நின்றது. தேக்காவில் ஒருவரை ஒருவர் கண்டால் "வளையம் கிடைச்சுதா?" என்று நலம் விசாரிக்கிற பழக்கம் வந்தது.

ஏரம்பமூர்த்தியின் மனைவி வள்ளிநாயகி அந்த வருஷம்தான் காரைநகரிலிருந்து கப்பலேறி வந்திருந்தாள். தட்டையான ஊரில் பிறந்தவள். உயரம் என்றால் குலை நடுக்கம். ஆனாலும் கணவன் கோபுரத்தை விட்டு இறங்குவதில்லை என்பதால் மதியம் தவறாமல் சாப்பாட்டுத் தூக்கோடு மூங்கில் ஏணியில் ஏறுவாள். ஒவ்வொரு படிக்கும் முருகா முருகா என்பாள். மேலே வந்து மூச்சு வாங்கியதும் வாய் திறந்துவிடும். "உங்களுக்கு ஒரு கோழி இருந்தால், அதையும் வரிசையிலை நிக்கவைச்சுத்தான் முட்டையிட விடுவியள்." ஏரம்பமூர்த்தி கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல் சிரிப்பார். அவருக்கு இந்த உலகத்தில் சரியான நேரத்துக்கு வரும் என்று நம்பிக்கை இருந்தது இரண்டின் மேல்தான்: ஒன்று ரயில், மற்றது அவள்.

வளையம் தொலைந்தது ஒரு மத்தியானம். மீன் படகுக்காரன் அதைக் கழியில் மாட்டி உயர்த்தியபோது, மீன் வாசனை பட்ட அந்தப் பித்தளை வெயிலில் மின்னியது. ஒரு பருந்து பாய்ந்து கவ்வியது. கொஞ்ச தூரம் போய், ஏமாந்தது தெரிந்ததும், எருமைக்குளத்தின் நடுச் சேற்றில் போட்டுவிட்டுப் போயிற்று. ஆட்கள் குதித்துத் தேடினார்கள். எருமைகளை விரட்டிவிட்டுத் தேடினார்கள். சேறு கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் வானம் நிறையப் படகுகள். மேற்கே சுமத்ராக் காற்று என்கிற புயல்மழை கறுத்துக்கொண்டு வந்தது. அது வந்து சேர்ந்தால் மேலே நிற்கிற படகுகளை ஒன்றோடு ஒன்று அடித்து நொறுக்கிவிடும். தண்டல்கள் வளையம் இல்லாமல் இறங்குகிறோம் என்று கத்த ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கோபுரத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

ரயில் விதியில் இதற்கும் ஒரு வழி உண்டு. வளையம் தொலைந்தால் ஓர் ஆளையே வளையமாக்கிவிடுவார்கள். அந்த ஆள் கையில் சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். அவர் கை வைத்துப் போகச் சொன்ன வண்டி மட்டும் போகலாம். பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. நின்றால் யார் வளையம் என்ற குழப்பம் வரும். எல்லா வண்டியையும் அனுப்பிவிட்டு, கடைசி வண்டியில் அந்த ஆளும் வந்து சேர வேண்டும். ஏரம்பமூர்த்தி கீழே பார்த்துக் கூப்பிட்டார். குளக்கரையில் தபால் மூட்டை கட்டுகிறவன் மாட்டேன் என்றான். கூலிகள் ஓடினார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த துரை, தனக்கு மயக்கம் வரும் என்றார். அப்போது ஏணியின் கடைசிப் படியில் முருகா என்ற குரல் கேட்டது.

"இஞ்சேர் வள்ளி, நீர் ஏறும்."

"ஏறிட்டன்தானே, இன்னும் எங்கை ஏறிறது?"

"படகிலை. மேலை."

"உங்களுக்கு விசரோ?"

"வேற ஆளில்லையப்பா. நான் இந்த இடத்தை விட்டு அசையேலாது. நான் சொன்னதைச் சொன்னபடி செய்யிற ஆள் வேணும்." சிவப்புக் கொடியின் ஒரு பாகத்தைக் கிழித்து அவள் கையில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"எப்ப இறங்கிறது?"

"கடைசிப் படகிலை. பின்னேரத்துக்கிடையிலை வந்திடுவீர்."

வள்ளிநாயகி தூக்குச் சட்டியைப் பார்த்தாள். "புட்டு ஆறிப்போகும். முதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, கோபுரத்தை ஒட்டி வந்து நின்ற ஒலி முகம்மதுவின் தொங்கானில் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள்.

அன்றைக்கு அவள் செய்த வேலையைத் தேக்கா முழுவதும் கழுத்து நோக நின்று பார்த்தது. முன்னால் நிற்கிற படகின் மூக்கான அணியத்தில் கை வைப்பாள், போகலாம் என்பாள், அது நகரும் முன் அடுத்த படகுக்குத் தாண்டிவிடுவாள். கழியும் இல்லை, கொடுக்கல் வாங்கல் தாமதமும் இல்லை. சுமத்ராக் காற்று வந்தபோது வானத்தில் இரண்டே படகுகள் மிச்சம். ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதில் அவள் இறங்கத் தயாராக நின்றாள். அப்போது மழைக்குள்ளிருந்து இன்னொரு படகு வந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால், அப்போதுதான் நங்கூரம் போட்ட ஒரு பினாங்குக் கப்பலின் சரக்கு முழுவதும்.

ஏரம்பமூர்த்திக்குத் தான் செய்த பிழை அந்த மழையில்தான் தெரிந்தது. ரயிலில் கடைசி வண்டி என்று ஒன்று உண்டு. அது போனபின் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதே எண்ணத்தில் அவர் வானத்திலும் ஒரு கடைசிப் படகு இருக்கும் என்று நம்பிவிட்டார். கடலில் கப்பல் வந்துகொண்டே இருக்கும். ஊர் தின்றுகொண்டே இருக்கும். தேக்கா வானத்தில் கடைசிப் படகு கிடையாது.

முதல் மாதம் அவர் தூங்கவில்லை. புது வளையம் அடித்தால், பழையது கிடைக்கிற நாளில் வளையம் இரண்டாகிவிடும்; அவளுக்குப் பதில் மேலே ஏறவும் ஆள் வரவில்லை. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் வானத்தை மூடிக்கொடுங்கள், என் மனைவி இறங்கிவிடுவாள் என்று துரைமார்களின் படியேறிக் கேட்டார். அரிசி தாமதமாகும் என்றார்கள். நோன்பு வருகிறது என்றார்கள். தீபாவளி வருகிறது என்றார்கள். சீனர்களின் புதுவருஷம் வருகிறது என்றார்கள். இந்த ஊரில் எப்போதும் யாருக்காவது பண்டிகை வந்துகொண்டிருந்தது. வருஷங்கள் போயின. வள்ளிநாயகி படகு விட்டுப் படகு தாண்டிக்கொண்டே இருந்தாள். மீன் படகுக்காரர்கள் மீன் சுட்டுக் கொடுத்தார்கள். வெற்றிலைக்காரர்கள் வெற்றிலை கொடுத்தார்கள். தாண்டுகிற இடைவெளியில் தூங்கவும் அவள் பழகிக்கொண்டாள். மதியம் ஏரம்பமூர்த்தி தானே அவித்த புட்டை ஒலி முகம்மதுவிடம் கொடுத்தனுப்புவார். காலிச் சட்டி திரும்பி வரும். கூடவே ஒரு சேதியும் வரும்.

"தேங்காய்ப்பூ காணாதாம் மாஸ்டர்."

"வேறை என்ன சொன்னவ?"

"வேற என்ன சொல்லுறது? பின்னாடி வரிசை நிக்குதுல்ல. அந்தப் பொண்ணு பேச நேரம் எங்க இருக்கு?" ஒலி முகம்மது தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைப்பார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் தங்கச்சியை அப்படியே தூக்கிப் போட்டுக்கிட்டு இறங்கிடுறேன். மத்தவன் எப்படியோ போறான்."

ஏரம்பமூர்த்தி காலிச் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சில நிமிஷங்களில் அவர் மனசுக்குள் அவள் எத்தனையோ தடவை இறங்கி வந்துவிட்டாள். பிறகு அவர் கேட்டார்: "முத்தலிப்பின்ரை பெண்சாதி இப்ப எப்பிடி இருக்கிறா?"

ஒலி முகம்மது தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை.

வானத்தை மூடுகிற உத்தரவு கடைசியில் வந்தே வந்தது, வள்ளிநாயகிக்காக அல்ல. வெளிநாட்டுக்காரன் ஒருவன் பறக்கும் இயந்திரம் ஒன்றைப் பெட்டிகளில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். குளத்தை அடுத்த குதிரைப் பந்தயத் திடலில் அதை ஓட்டிக் காட்டப் போகிறான். படகுகள் எப்போதும் பறக்கிற ஊரில் அதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் கூடியது; மனிதன் செய்த சத்தத்தோடு பறக்கிறது என்பதுதான் விசேஷம். அதற்காக ஒரு மத்தியானம் மட்டும் வானம் வெறுமையாக இருக்க வேண்டும், கப்பல் பக்கத்திலிருந்து எந்தப் படகும் எழும்பக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. எல்லாப் படகும் இறங்கிய பிறகு ஏரம்பமூர்த்தி பச்சைக்கொடி காட்டுவார். பிறகுதான் இயந்திரம் கிளம்பும்.

ஏரம்பமூர்த்தி அன்று விடியும்போதே குளித்தார். திருநீறு பூசினார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்துப் போட்டார். தோள் மட்டும் இறுக்கியது. புட்டு அவித்து, தேங்காய்ப்பூ நிறையப் போட்டு, கோபுரத்திலேயே மூடி வைத்தார். அவள் வந்து சாப்பிடுவாள். படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு தேக்காவின் மேல் ஒரே ஒரு தொங்கான் மட்டும் நின்றது. ஒலி முகம்மது அந்த இடத்துக்காகக் காலையிலிருந்து மற்றவர்களை எல்லாம் முன்னால் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். வள்ளிநாயகி அந்தப் படகின் அணியத்தில் கையை வைத்தாள். தாண்டிப் போக வேறு படகு இல்லை. கையை வைத்தபடியே அதில் உட்கார்ந்தாள். படகு இறங்கியது. சாலையோரக் கோவிலின் கோபுர உயரத்துக்கு வந்தபோது ஏரம்பமூர்த்திக்கு அவள் முகம் தெரிந்தது. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது திடலில் ஒரு துரைசாணி, தூரத்தில் தெரிந்தவளைக் கண்டு கைக்குட்டையை ஆட்டினாள். கைக்குட்டை பச்சை நிறம். இயந்திரக்காரன் அதையே கொடி என்று எடுத்துக்கொண்டான். இயந்திரம் உறுமிக்கொண்டு எழும்பி, படகு இறங்குகிற பாதைக்குள் நேராக ஏறியது.

ஒரே ஒரு சைகைக்குத்தான் நேரம் இருந்தது. ஏரம்பமூர்த்தி சிவப்பை உயர்த்தினார். மேலே போ. ஒலி முகம்மதுவுக்கு முதலில் புரியவில்லை, வள்ளிநாயகிக்குப் புரிந்தது. அவள் படகின் விளிம்பைத் தட்டினாள். தொங்கான் எழும்பியது. இயந்திரம் ஒரு நொடிக்கு முன் அவள் இருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கூட்டம் கை தட்டியது. இன்னொரு சுற்று என்று கேட்டது. அவன் சுற்றினான். மறுபடியும் கேட்டது, மறுபடியும் சுற்றினான். அவன் தரையைத் தொட்டபோது உத்தரவின் நேரம் முடிந்துவிட்டது. துறைமுகத்தில் கட்டி வைத்திருந்த படகுகள் எல்லாம் ஒன்றாக எழும்பி வந்து, ஒலி முகம்மதுவின் தொங்கானுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றன. வள்ளிநாயகி எழுந்தாள். அணியத்தைத் தொட்டாள். அடுத்த படகுக்குத் தாண்டினாள்.

கொடி பிடித்த ஏரம்பமூர்த்தியின் கை அதற்குப் பிறகு பல நாள் கீழே வரவில்லை. வைத்தியர்கள் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். கை உயர்ந்தபடியே நின்றது. ஒலி முகம்மதுதான் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சோற்றை உருட்டி ஊட்டினார். "வாயைத் திறங்க மாஸ்டர். வளையம் வாங்கித்தான் திறப்பீங்களோ?" என்பார். அந்தக் கை இறங்கிய அன்று ஏரம்பமூர்த்தி அதைக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வேலைக்குப் போனார்.

பெரும் வறட்சி வந்த வருஷத்தில் எருமைக்குளம் வற்றி, வெடித்த சேற்றில் வளையம் கிடைத்தது. புளி போட்டுத் துலக்கி, கோட்டுப் பைக்குள் வைத்து, ஏரம்பமூர்த்தி அதிகாரிகளிடம் ஓடினார். வளையம் வந்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்றார். அவர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வளையத்தைக் கழியில் மாட்டிக் கொடுத்து வாங்குகிற நேரத்தில் வள்ளிநாயகி அம்மாவின் கை இரண்டு படகை இறக்கிவிடுகிறதே, இப்போது வருகிற சரக்குக்கு வளையம் எப்படிக் கட்டுபடியாகும் என்று மரியாதையாகவே கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு விபத்தும் இல்லை என்று பாராட்டினார்கள். வளையத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஏரம்பமூர்த்தி, கிழவராகிவிட்ட ஒலி முகம்மதுவின் தொங்கானில் முதல் முறையாக மேலே போனார். வரிசையை விட்டு முன்னால் போகலாமா என்று ஒலி முகம்மது கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். சுற்றிச் சுற்றி, மத்தியானம் சாய்கிற வேளையில் அவர்கள் முறை வந்தது. அவள் தாண்டி வந்தாள். தலை நரைத்திருந்தது. கையில் கட்டியிருந்த சிவப்பு வெயிலில் வெளுத்துக் கனகாம்பர நிறமாகியிருந்தது. உயரத்துக்குப் பயந்தவள், கால் பார்க்காமலே நடந்தாள்.

"வள்ளி."

அவள் நின்றாள். "நீங்களோ," என்றாள். முகத்தை ஒருமுறை முழுவதாகப் பார்த்தாள். "சாப்பிட்டியளோ?"

"வாரும், இறங்குவம்."

"இது கடைசியோ?"

வாழ்நாளில் ஒரு தடவை கூடப் பொய்க் கொடி காட்டாத மனிதர் அவர். திரும்பிப் பார்த்தார். கிழக்குக் கோடியில் சாங்கிப் பக்கத்து வானம் வரைக்கும் படகுகள் நின்றன.

"இல்லை," என்றார். பிறகு, "நானும் உம்மோடை நிக்கிறன்" என்று அடுத்த படகுக்குக் காலைத் தூக்கினார்.

"வேண்டாம். நீங்கள் பக்கத்திலை நிண்டால், ஆர் வளையம் எண்டு படகுக்காரருக்குத் தெரியாமல் போயிடும்." அது அவர் போட்ட விதி. அவள் அணியத்தில் கையை வைத்தாள். அந்தக் கைக்குப் பக்கத்தில், தொடாமல், அவரும் தன் கையை வைத்தார். பின்னால் யாரோ தாமதம் என்று சங்கு ஊதினான். "போங்கோ," என்றாள்.

தொங்கான் எதிலும் இடிக்காமல் பத்திரமாக இறங்கியது. ஏரம்பமூர்த்தி குளக்கரையிலேயே ஒரு வாடகை அறையில் இருந்து, மதியம் தவறாமல் புட்டு அவித்து அனுப்பி, சில வருஷம் கழித்து ஒரு காய்ச்சலில் காலமானார். அதற்குப் பிறகு அரிசிக்கடைக்காரர்கள் முறை வைத்து அவளுக்குப் புட்டு அனுப்பினார்கள். மத்தியான வெயிலில் சிராங்கூன் சாலையின் மேல் ஒரு படகின் நிழலிலிருந்து இன்னொரு படகின் நிழலுக்கு ஒரு பெண்ணின் நிழல் தாண்டும். மாட்டுவண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடித்து, அது தாண்டி முடிக்கிற வரைக்கும் நின்று, பிறகு போவார்கள்.